கொலை பெருகுவதும் குறைவதும் ஏன்?

கொலைச் செய்தி இல்லாத பத்திரிகை அருமையாகிவிட்டது. அச்செய்தியை வாசித்தவுடன் நம்மில் ஒருவர், "காலம் கெட்டுவிட்டது" என்கிறார். மற்றொருவர், "தூக்குத் தண்டனையை நிறைவேற்றினால் எல்லாம் அடங்கிவிடும்" என்கிறார். வேறொருவர் சினிமாப் படங்களைக் குறை சொல்கிறார். இன்னொருவர் வறுமையைக் காட்டுகிறார். ஒவ்வொருவரும் தாம் முன்னரே கொண்டிருந்த அபிப்பிராயத்துக்கு அன்றைய செய்தியைச் சான்றாக்கிக் கொள்கின்றனரேயன்றி, உண்மையிற் காரணம் யாதென ஆராய்வார் மிகச் சிலரே.

ஆயினும் இது ஆராயவேண்டிய விஷயம். ஒரு நகரத்தில் ஓராண்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கொலையுண்டு, கால் நூற்றாண்டு கழித்து அதே நகரத்தில் முந்நூறு பேருக்கும் குறைவானோரே கொலையுண்டனர் என்றால், இடையில் ஏதோ நிகழ்ந்திருக்கவேண்டும். அது யாதென அறிந்தால் மற்றைய நகரங்களிலும் உயிர்கள் தப்பும். பிழையாக அறிந்தாலோ பிழையான மருந்தையே கொடுப்போம். அம்மருந்தின் கசப்பை விழுங்குவோர் பெரும்பாலும் ஒரு குற்றமும் செய்யாதவராகவே இருப்பர். ஆதலின் இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலிற் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நகரத்திற் பல கொலைகளும் சிறிய ஊரிற் சில கொலைகளும் நிகழ்வது இயல்பு. ஆகையால் ஓர் இலட்சம் மக்களுக்கு ஓராண்டில் எத்தனை கொலை எனக் கணக்கிட்டே அறிஞர்கள் ஊரோடு ஊரை ஒப்பிடுவர். திருட்டும் அடிதடியும் பொலிஸ் நிலையத்துக்கு எட்டாமலே மறைந்து போகலாம்; ஒரு மனிதனின் சாவை மறைப்பது அத்துணை எளிதன்று. அதனாலேயே குற்றப் புள்ளிவிபரங்களுள் கொலைக் கணக்கு மிக நம்பத்தக்கது என்பர்.

இனி, பழங்காலத்து நகரங்கள் அமைதியாக இருந்தனவா என்று பார்ப்போம். இங்கிலாந்தில் திடீர் மரண விசாரணை அதிகாரிகள் 14 ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த பதிவுகள் இன்றும் உள்ளன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர் மனுவேல் ஐஸ்னரும் அவருடைய குழுவினரும் அவற்றை வாசித்து, லண்டன், யோர்க், ஒக்ஸ்போர்ட் ஆகிய மூன்று நகரங்களில் நிகழ்ந்த கொலைகளை வரைபடத்திற் குறித்திருக்கின்றனர். லண்டனில் கொலை மலிந்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. அன்று வேலை இல்லை; மதுவும் சூதும் உண்டு; ஆடவர் பலரின் இடுப்பிற் கத்தியும் உண்டு.

ஒக்ஸ்போர்டின் கணக்கு இன்னும் வியப்பானது. அங்கே கொலை வீதம் இலட்சத்துக்கு 60 முதல் 75 வரை இருந்ததென மதிப்பிட்டிருக்கின்றனர். இன்றைய இங்கிலாந்து நகரங்களின் வீதத்தோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய ஐம்பது மடங்காகும். கொன்றோர் யாவர்? அடையாளம் தெரிந்தவர்களுள் நால்வரில் மூவர் கல்வி கற்க வந்தோர் அல்லது சர்வகலாசாலையைச் சார்ந்தோர். கொலையுண்டோருள்ளும் பெரும்பாலார் அவர்களே. பதினான்கு முதல் இருபத்தொரு வயது வரையான இளைஞர்கள் தாய் தந்தையரின் கண்காணிப்பைவிட்டு வந்து, வடக்கர் தெற்கர் எனக் கட்சி பிரிந்து, மதுச்சாலைகளிற் கூடி, ஒரு சொல்லுக்காக வாளை உருவினர். இன்று கல்வியின் கோயிலென உலகம் போற்றும் ஊரின் அன்றைய நிலை இது. காலம் கெட்டுவிட்டது என்று கூறுவதற்கு முன் நாம் சற்றுத் தயங்கவேண்டும்.

அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் கொலை வீதம் பத்திலொரு பங்குக்கும் கீழாக இறங்கியது. மனித சுபாவம் மாறிவிட்டதா? வாளோடு வீதியிற் செல்லும் வழக்கம் ஒழிந்தது. மானபங்கத்துக்குப் பழிவாங்கும் உரிமை குடும்பத்தின் கையிலிருந்து அரசின் நீதிமன்றத்துக்கு மாறியது. வழக்குத் தீர்க்க நம்பத்தகுந்த நடுவர் ஒருவர் இருந்தால் மனிதன் தானே தண்டனை கொடுக்க முற்படுவது குறைகிறது. இவ்வுண்மையை மனதில் இருத்திக்கொண்டு நம் காலத்து நகரமொன்றுக்கு வருவோம்.

நியூயோர்க் நகரத்தில் 1990 ஆம் ஆண்டில் 2,245 பேர் கொலையுண்டனர். இலட்சத்துக்கு முப்பது பேர் வரையில் ஆகும். 2017 இல் அதே நகரத்தில் கொலையுண்டோர் 292 பேர். இடையில் நகரத்துச் சனத்தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை.

முதலில் அங்கே கொலை பெருகியது ஏன்? 1960 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து கணக்கு ஏறத் தொடங்கியது. உலக யுத்தத்தின் பின் பெருந்தொகையாகப் பிறந்த குழந்தைகள் அப்போது வாலிபப் பருவத்தை அடைந்தனர், தொழிற்சாலைகள் நகரத்தைவிட்டு நீங்கின, போதைப்பொருள் புகுந்தது. 1985 ஐ அண்டிய ஆண்டுகளில் "கிராக்" எனப்படும் மலிவான கொக்கெயின் வகை தெருமூலைகளில் விற்பனைக்கு வந்தது. சட்டவிரோதமான சரக்கை விற்பவன் தன் கடன்காரன் மீது வழக்குப் போட முடியாது. தன் இடத்தைப் பிறன் பிடித்துக்கொண்டால் முறையிடவும் முடியாது. அவனுக்கு நீதிமன்றமும் பொலிஸும் துப்பாக்கிதான். விற்பனைக்கு இளைஞரை அமர்த்தினர். அவர்கள் கைத்துப்பாக்கி ஏந்தினர். அதைக் கண்டு அஞ்சிய அயல் இளைஞரும் தற்காப்புக்கென ஏந்தினர். பின்னர் பள்ளிக்கூடச் சண்டையும் பெண்ணைப் பற்றிய சண்டையுங்கூடத் துப்பாக்கிச் சண்டையாயிற்று. அமெரிக்கக் குற்றவியலாளர் அல்பிரெட் புளும்ஸ்டீன் இவ்வாறே விளக்கினார். வயதானவர்களிடையே கொலை பெருகாமல், இளைஞரிடையே துப்பாக்கிக் கொலை மட்டும் விரைவாகப் பெருகியமை அவருடைய விளக்கத்துக்குத் துணை நிற்கிறது.

பின்னர் குறைந்தது ஏன்? இங்கேதான் உரிமை கோருவோர் பலர் வருகின்றனர். 1994 இல் மேயராகப் பதவியேற்ற ரூடி ஜூலியானியும் அவர் நியமித்த பொலிஸ் ஆணையாளர் வில்லியம் பிராற்றனும், சிறு குற்றங்களைக் கண்டித்தால் பெருங் குற்றங்கள் அடங்கும் என்ற கொள்கையைக் கைக்கொண்டனர். ஒரு கட்டடத்தில் உடைந்த யன்னலொன்றைத் திருத்தாமல் விட்டால் மற்றைய யன்னல்களும் உடைக்கப்படும் என்னும் உவமையால் இதற்கு "உடைந்த யன்னல்" கொள்கை என்று பெயர். எந்தத் தெருவில் எக்குற்றம் நிகழ்கிறதென வாரந்தோறும் கணக்கெடுத்துப் பொலிஸாரை அங்கே அனுப்பும் முறையும் அப்போதே வந்தது.

மாணவ வாசகர்கள் இத்தகைய வாதங்களுக்கு மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். மருந்து கொடுக்குமுன்னரே நோய் தணியத் தொடங்கியதா? மருந்து கொடுக்காத இடத்திலும் தணிந்ததா? மருந்தை நிறுத்திய பின் திரும்பி வந்ததா?

நியூயோர்க்கில் கொலை 1991 முதலே குறையத் தொடங்கிவிட்டது. முந்திய மேயர் டேவிட் டிங்கின்ஸ் காலத்தில் ஆயிரக்கணக்கான புதிய பொலிஸாரைச் சேர்க்கும் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. சான் டியாகோ நகரம் வேறு விதமான பொலிஸ் முறையைக் கையாண்டது, அங்கும் குறைந்தது. எல்லைக்கப்பாலுள்ள கனடாவிலும் அதே ஆண்டுகளிற் குறைந்தது. ஆகவே நியூயோர்க் பொலிஸாருக்கு முழுப் புகழையும் கொடுத்தல் இயலாது. ஆயினும் அந்நகரத்தின் வீழ்ச்சி மற்றைய நகரங்களைவிட ஆழமானது, நீண்டதும் ஆனது. பேராசிரியர் பிராங்க்ளின் சிம்றிங் இதனை விரிவாக ஆராய்ந்து, பொலிஸார் தொகையும், குற்றம் மலிந்த இடங்களில் அவர்களை நிறுத்திய முறையும் ஒரு பங்கைப் பெறத்தக்கன என்றார்.

தூக்குத் தண்டனையோ? நியூயோர்க் மாநிலம் கடைசியாக ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது 1963 இல். 1995 இல் அத்தண்டனையை மீண்டும் சட்டத்திற் சேர்த்தனர். 2004 இல் நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. இடையில் ஒருவருக்கேனும் அது நிறைவேற்றப்படவில்லை. கொலை குறைந்ததற்கு அது காரணமாக முடியாது. சிறைச்சாலையைக் காட்டுவோர் உளர். அமெரிக்கா இலட்சக்கணக்கானோரைச் சிறையிலிட்டது. அதனாற் சில கொலைகள் தடுக்கப்பட்டிருத்தல் கூடும். ஆனால் நியூயோர்க் மாநிலச் சிறைகளில் 1999 இல் 72,000 பேருக்கு மேல் இருந்தனர். 2018 இல் 50,000 பேருக்கும் குறைவு. சிறை காலியாகிக்கொண்டு வந்த அதே காலத்தில் நகரத்திற் கொலையும் குறைந்துகொண்டே வந்தது.

இன்னும் இரு விளக்கங்கள் உண்டு. பெற்றோலில் ஈயம் கலந்த காலத்தில் வளர்ந்த குழந்தைகளின் மூளை பாதிக்கப்பட்டது, ஈயத்தை நீக்கிய பின் வளர்ந்த தலைமுறை சாந்தமானது என்பது ஒன்று. ஈயம் குழந்தைகளின் அறிவையும் நிதானத்தையும் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. கொலைக் கணக்கில் அதன் பங்கு எவ்வளவு என்பதிலேயே வாதம். 1973 இற் கருக்கலைப்பு அமெரிக்கா முழுவதிலும் சட்டபூர்வமானமையே காரணம் என்று 2001 இல் ஜோன் டொனகூ, ஸ்டீவன் லெவிற் என்னும் இரு பொருளியலாளர் எழுதியது மற்றொன்று. அவ்வாதம் இன்றும் ஓயவில்லை.

பிழையான மருந்தைப் பற்றி முன்னர் கூறினோம். அதற்கு உதாரணம் இதே நகரத்தில் உண்டு. கொலை குறைவதற்குத் தெருவில் இளைஞரை நிறுத்திச் சோதனையிடுவதே காரணம் என நம்பிய நகர ஆட்சியினர் அதனை ஆண்டுதோறும் பெருக்கினர். 2011 இல் மட்டும் 685,724 தடவை மக்கள் நிறுத்தப்பட்டனர். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரையில் நிறுத்தப்பட்ட தடவைகள் 44 இலட்சம். நிறுத்தப்பட்டோருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் இஸ்பானிய வழியினரும் ஆவர். நூற்றுக்கு 88 தடவைகளில், கைது செய்யவோ குற்றப்பத்திரம் கொடுக்கவோ ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டனர். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் பையன் சுவரைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்பது பல பேட்டைகளில் நாளாந்த வழக்கமாயிற்று.

2013 ஓகஸ்ட் மாதத்திற் சமஷ்டி நீதிபதி ஷிரா ஷைண்ட்லின், இதனை நடத்திய விதம் அரசியலமைப்புக்கு விரோதமானதெனத் தீர்ப்பளித்தார். இனி நகரம் இரத்தக்களமாகும் எனப் பலர் எச்சரித்தனர். 2017 இல் நிறுத்தப்பட்டோர் தொகை 12,000 க்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டிற்றான் கொலைத் தொகை 292 ஆகக் குறைந்தது. மருந்தை நிறுத்தியும் நோய் திரும்பவில்லை. அந்த 44 இலட்சம் அவமானங்களிற் பெரும்பகுதி வீணாயிற்று என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்லலாம்?

இனி, சண்டையைக் கொலையாக்குவது எது என்பதைக் கவனிப்போம். 1968 இல் சிம்றிங் அவர்கள் சிக்காகோ நகரத்துப் பொலிஸ் பதிவுகளை ஆராய்ந்தார். கத்தியால் நிகழ்ந்த தாக்குதல்களையும் துப்பாக்கியால் நிகழ்ந்த தாக்குதல்களையும் ஒப்பிட்டபோது, துப்பாக்கித் தாக்குதலில் மரணம் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் எனக் கண்டார். கோபம் ஒன்றே, கைக்கு எட்டிய கருவி வேறு. லண்டனிலும் நியூயோர்க்கிலும் திருட்டும் கன்னமிடுதலும் ஒரே அளவில் இருந்த காலத்திலும் கொலை மட்டும் நியூயோர்க்கிற் பல மடங்காக இருந்ததற்கு இதுவே பெருங் காரணம்.

காயம்பட்டவன் பிழைப்பதும் இறப்பதும் வைத்தியசாலை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் பொறுத்தது. சிக்காகோவின் தெற்குப் பகுதியில் துப்பாக்கிச் சூடுகள் மலிந்திருந்தும், அங்கிருந்த சர்வகலாசாலை வைத்தியசாலை 1988 இல் வளர்ந்தோருக்கான அவசர காயச் சிகிச்சைப் பிரிவை மூடியது. ஐந்து மைலுக்கு அப்பாற் கொண்டு செல்லவேண்டியிருந்தோர் இறக்கும் வாய்ப்பு அதிகமென 2013 இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. அப்பகுதி இளைஞர்கள் பல ஆண்டுகள் போராடிய பின் 2018 இல் அப்பிரிவு மீண்டும் திறக்கப்பட்டது. சத்திரசிகிச்சையும் அம்புலன்ஸும் 1960 ஆம் ஆண்டின் நிலையிலேயே நின்றிருந்தால் அமெரிக்காவின் கொலைத் தொகை பல மடங்காக இருந்திருக்கும் என 2002 இல் வேறொரு குழுவினர் கணக்கிட்டனர். கொலைக் கணக்கு குறைந்ததென மகிழும்போது, இரவிற் கண்விழித்து நிற்கும் வைத்தியரையும் தாதியரையும் நாம் மறந்துவிடலாகாது.

அடுத்து, கொலை ஒரு நகரம் முழுவதிலும் சமமாகப் பரந்திருப்பதில்லை. பொஸ்டன் நகரத்தில் 1991 முதல் 1995 வரை, இருபத்துநான்கு வயதுக்கு மேற்படாதோர் ஆண்டுக்குச் சராசரி 44 பேர் கொலையுண்டனர். ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் கென்னடி, அந்தனி பிராகா, ஆன் பீல் என்னும் மூவரும் பொலிஸாரோடு அமர்ந்து ஒவ்வொரு கொலையையும் ஆராய்ந்தனர். நகரத்து இளைஞருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்கள், அதாவது ஏறக்குறைய 1,300 பேர் கொண்ட கும்பல்களே, அக்கொலைகளில் நூற்றுக்கு 60 க்குப் பொறுப்பு எனக் கண்டனர். அவர்களுட் பெரும்பாலார் ஒரு கும்பலுக்கு அஞ்சி மறு கும்பல் ஆயுதமேந்தியவர்கள்; இன்று கொல்பவன் நாளை கொலையுண்பவன்.

1996 இல் அக்கும்பலினரை நேரில் அழைத்துப் பேசினர். பொலிஸாரும், அரசாங்க வழக்கறிஞரும், தெருவில் இளைஞரோடு பழகும் சமூக ஊழியரும், கிறிஸ்தவ குருமாரும் ஒரே மண்டபத்தில் இருந்தனர். "கொலை நிற்கவேண்டும். உங்களுள் ஒருவன் கொன்றால் கும்பல் முழுவதன் மீதும் சட்டத்தின் சகல பாரமும் விழும். வேலையும் படிப்பும் வேண்டுவோருக்கு நாங்கள் உதவுவோம்" என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். சொன்னபடி செய்தும் காட்டினர். அவ்வாண்டில் இளைஞர் கொலை 26 ஆகவும், 1997 இல் 15 ஆகவும் குறைந்தது. மற்றைய நகரங்களிலும் அப்போது குறைந்தமையால் இத்திட்டத்தின் பங்கு எவ்வளவு என வாதிப்பார் உளர். ஆயினும் 2000 ஐ அண்டித் திட்டம் கைவிடப்பட்டதும் பொஸ்டனிற் கொலை மீண்டும் ஏறியது என்பதைக் கவனிக்கவேண்டும். நமது மூன்றாவது கேள்விக்கு இங்கே விடை வேறாக இருக்கிறது.

நடுவரை நம்பாத இடத்தில் நிகழ்வது யாதென்பதற்குப் பால்டிமோர் நகரம் சான்று. ஆறு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரத்தில் 2014 இல் 211 பேர் கொலையுண்டனர். 2015 ஏப்ரலில் பிரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் பொலிஸ் காவலில் ஏற்பட்ட காயத்தால் இறந்தார். நகரம் கொதித்தது. பொலிஸார் ஒதுங்கினர், மக்கள் சாட்சி சொல்ல வர மறுத்தனர். அவ்வாண்டுக் கொலைகள் 340 ஐத் தாண்டின. 2017 இல் அந்நகரத்துத் துப்பாக்கித் தடுப்புப் படையினரான பொலிஸார் சிலர் தாமே மக்களைக் கொள்ளையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பின்னர் தண்டிக்கப்பட்டனர். காவலனே கள்வனானால் யாரிடம் முறையிடுவது? 2022 வரை எந்த ஆண்டிலும் அங்கே கொலை 300 க்குக் குறையவில்லை.

அமெரிக்கா முழுவதையும் நோக்கினாலும் இதுவே தெரிகிறது. 1960 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் பத்துக் கொலைகளுள் ஒன்பதுக்குக் குற்றவாளி பிடிபட்டான். 2020 ஐ அடுத்த ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக்கே பிடிபட்டான். தன் தம்பியைக் கொன்றவன் அயல் தெருவில் நடமாடுவதை ஓர் அண்ணன் காண்கிறான். சட்டம் வராது எனவும் அறிகிறான். அடுத்த கொலை அங்கேயே கருக்கொள்கிறது.

2020 இல் அந்நாட்டிற் கொலை ஒரே ஆண்டில் நூற்றுக்கு 30 வரையில் ஏறியது. அத்தகைய ஏற்றம் முன்னர் பதிவானதில்லை. கொரோனா நோய் பள்ளிக்கூடங்களையும் இளைஞர் நிலையங்களையும் மூடியது. ஜோர்ஜ் புளொயிட் மே மாதத்தில் மினியாபொலிஸ் பொலிஸாராற் கொல்லப்பட்ட பின் மக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையிலிருந்த நம்பிக்கை அறுந்தது. துப்பாக்கி விற்பனை என்றுமில்லாதவாறு பெருகியது. நோய் உலகமெங்கும் பரவியது. கொலை அவ்வாறு உலகமெங்கும் பெருகவில்லை. அமெரிக்காவிலேயே அவ்வாண்டிற் களவு குறைந்தது. ஆகவே வறுமை ஒன்றையே காட்டுவோரின் விளக்கமும் போதாது. பின்னர் மூடியவை திறக்கப்பட்டன; நகரங்கள் பொது நிதியைச் சமூக ஊழியருக்குச் செலவிட்டன; 2023 இலும் 2024 இலும் கொலை விரைவாகக் குறைந்தது. பொஸ்டனிற் கையாண்ட முறையைத் தழுவிய திட்டமொன்றைப் பால்டிமோர் 2022 இல் தொடங்கியது. 2024 இல் அங்கே கொலையுண்டோர் 201 பேர்.

கணக்கு குறைந்தாற் போதும் என்று இருந்துவிடலாகாது என்பதற்கும் ஒரு சான்று கூறுவோம். கொலம்பியா நாட்டின் மெடெல்லின் நகரத்தில் 1991 இல் இலட்சத்துக்கு முந்நூற்றைம்பது பேருக்கு மேல் கொலையுண்டனர். போதைப்பொருள் வணிகன் பப்லோ எஸ்கொபார் 1993 இற் கொல்லப்பட்ட பின் கணக்கு மேலும் இறங்கியது. மலைச்சரிவிலுள்ள ஏழைப் பேட்டைகளை நகரத்தோடு இணைக்கும் கம்பிவட ஊர்தி 2004 இல் ஓடத் தொடங்கியது, நூல்நிலையங்கள் எழுந்தன. அவை நற்பணிகளே. ஆனால் அக்காலத்து அமைதியில் ஒரு பங்கு, "டொன் பேர்னா" எனப்பட்ட கும்பல் தலைவனொருவன் மற்றெல்லாக் கும்பல்களையும் தன் பிடியில் வைத்திருந்தமையால் வந்தது. 2008 இல் அவன் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டதும் வாரிசுச் சண்டை மூண்டு, அடுத்த ஆண்டிற் கொலை இரு மடங்குக்கு மேலாயிற்று. அநீதியான நடுவன் கொண்டுவரும் அமைதி அவனோடு போய்விடுகிறது. அதன்பின் அரசும் நகரமும் பொறுமையோடு உழைத்தே வீதத்தை மீண்டும் இறக்கவேண்டியிருந்தது.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால் நாம் பெறுவது யாது? கொலையைப் பெருக்கும் காரணம் ஒன்றன்று. வேலையற்ற இளைஞர், கைக்கெட்டிய ஆயுதம், சட்டத்துக்குப் புறம்பான வணிகம், நம்பிக்கை இழந்த காவல், தொலைவிலுள்ள வைத்தியசாலை ஆகிய இவை ஓரிடத்திற் கூடும்போது அங்கே கொலை மலிகிறது. அவ்விடம் பெரும்பாலும் ஒரு சில தெருக்களே. அந்த மனிதர் ஒரு சில நூற்றுவரே. அவர்களைப் பெயரறிந்து அணுகி, கண்டிக்க வேண்டியவனைக் கண்டித்து, உதவ வேண்டியவனுக்கு உதவி, கொன்றவனைத் தப்பாமற் பிடித்து, பிடிக்கும்போது அயலவனை அவமதியாது நடந்துகொண்ட நகரங்களிற் கொலை குறைந்திருக்கிறது. ஒரு சாதியை, ஓர் இனத்தை, ஒரு பேட்டை முழுவதையும் சந்தேகித்த நகரங்கள், தமக்குச் சாட்சி சொல்ல வரவேண்டியவர்களையே பகைத்துக்கொண்டன.

ஒக்ஸ்போர்டின் பழைய வீதிகள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. வீட்டைவிட்டு வந்த இளைஞர்கள் இன்றும் அங்கே கூடுகின்றனர்; குடிக்கின்றனர், கட்சி கட்டுகின்றனர், வாதிடுகின்றனர். வாள் மட்டும் இல்லை. சச்சரவு முற்றினால் விசாரிக்க ஒரு நீதிமன்றமும், காயம்பட்டால் எடுத்துச் செல்ல ஒரு வைத்தியசாலையும் அருகில் உள்ளன. அந்த ஊருக்கு இம்மாற்றம் வரப் பல நூற்றாண்டுகள் சென்றன. பொஸ்டன் நகரத்து இளைஞரிடையே இரண்டு ஆண்டுகளில் ஒரு பகுதி வந்தது, கவனியாது விட்டபோது போயிற்று. கொலையைத் தலைவிதி என விட்டுவிடுவதற்கு இவற்றைக் கண்ட பின்னரும் நமக்கு நியாயமில்லை.